எறும்பின் கண் ஏன் மங்குகிறது? நெருக்கப் படக் கோளாறுகளும் கைவைத்தியமும்

மேக்ரோ படம், அதாவது நெருக்கப் படம், எடுக்கத் தொடங்கிய புதிதில் எல்லாருக்கும் ஒரே புகார்தான்: "அவர் எடுத்தால் வருகிறது, நான் எடுத்தால் வரமாட்டேன் என்கிறது." லென்ஸும் அதேதான், பூச்சியும் அதேதான், சில சமயம் செடிகூட அதே செடிதான். கேமராவை மாற்றலாமா என்று யோசிப்பதற்கு முன்னால் கீழே உள்ளவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் படம் எடுப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது. வெயில், காற்று, செடி, பூச்சி எல்லாம் இந்த ஊர்க் கணக்கு.

தொடங்கும் முன் ஒரு வேலை. கெட்டுப்போன படத்தை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அதே பூச்சியை, அல்லது அதன் இனத்தை, வேறொருவர் நன்றாக எடுத்த படம் ஒன்றைத் தேடிப் பக்கத்தில் வையுங்கள். இரண்டையும் திரையில் நூறு சதவீதம் பெரிதாக்குங்கள். ஒளி எந்தப் பக்கமிருந்து வந்திருக்கிறது, எடுத்தவர் எந்த உயரத்தில் இருந்திருக்கிறார், பூச்சிக்குப் பின்னால் என்ன இருந்தது, எவ்வளவு தள்ளி இருந்தது என்று துருவுங்கள். நல்ல படத்தைப் பார்த்து மலைத்து நின்றுவிடுகிறோம். நம் படத்துக்கான மருந்து பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது. கீழே ஒவ்வொரு கோளாறிலும் அதை எங்கே தேடுவது என்றும் சொல்கிறேன்.

படம் முழுக்க மங்கல்

மங்கலில் வகை உண்டு. முதலில் அதைப் பிரிக்க வேண்டும். படத்தின் ஓரம் வரை தேடுங்கள். இலை விளிம்போ, தண்டின் மேல் ஒரு மயிரோ, எங்காவது ஒரு இடம் கூர்மையாக இருந்தால் கேமரா ஆடவில்லை; ஃபோகஸ் இடம் மாறி விழுந்திருக்கிறது. நேராக அடுத்த தலைப்புக்குப் போய்விடுங்கள்.

எங்குமே கூர்மை இல்லை, புள்ளியாக இருக்க வேண்டியதெல்லாம் ஒரே திசையில் சின்னக் கோடாக இழுத்திருக்கிறது என்றால் ஆட்டம். இலையும் பூச்சியும் சேர்ந்து இழுத்திருந்தால் கையோ காற்றோ காரணம். இலை நன்றாக இருந்து மீசை மட்டும் இழுத்திருந்தால் பூச்சிதான் அசைந்திருக்கிறது. பூச்சி தன் உண்மையான அளவிலேயே சென்சாரில், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் தகட்டில், விழும் பெருக்கத்தில் (ஒன்றுக்கு ஒன்று என்பார்கள்) பூச்சி மட்டுமல்ல, நம் கை நடுக்கமும் அதே கணக்கில் பெரிதாகும். இயற்கை வெளிச்சத்தில் ஷட்டர் வேகம் 1/250-க்குக் கீழே இறங்காமல் பாருங்கள். லென்ஸில் உள்ள ஆட்டத் தடுப்பு இவ்வளவு நெருக்கத்தில் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். அதை நம்பி 1/60-க்கு இறங்க வேண்டாம்.

கோடு எதுவும் இல்லை, ஆனால் படத்தின் மேல் மெல்லிய திரை போட்டதுபோல் இருக்கிறது என்றால் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளை அளவை, பாருங்கள். எஃப் 22-இல் வைத்திருப்பீர்கள். ஆழம் வேண்டுமென்று துளையைச் சுருக்கச் சுருக்க, ஒளி அந்தத் துளையின் விளிம்பில் வளைந்து சிதறி நுணுக்கங்களை அழித்துவிடுகிறது. நெருக்கத்தில் இது இன்னும் மோசம்: ஒன்றுக்கு ஒன்றில் எஃப் 16 என்று வைத்தால் லென்ஸ் நடந்துகொள்வது எஃப் 32 போல. எஃப் 8-இலிருந்து எஃப் 11-க்குள் நில்லுங்கள். துளையைச் சுருக்கினால் இன்னொரு தொல்லையும் உண்டு: சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசியெல்லாம் கரும்புள்ளியாக வந்து நிற்கும்.

விடியற்காலை முதல் சில படங்கள் மட்டும் பனிமூட்டமாக வருகிறதா? ஏசி அறையில் கிடந்த கேமராவை நேராக ஈரக் காற்றில் எடுத்திருப்பீர்கள். லென்ஸில் நீராவி படிந்திருக்கும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியில் வைத்துவிட்டு அப்புறம் திறங்கள். துணியால் துடைத்துக்கொண்டே இருந்தால் மறுபடி மறுபடி படியும்.

மீசை கூர்மை, கண் மங்கல்

அதிகம் பேரைப் படுத்துவது இதுதான். காரணம் எளிய கணக்கு. முழு அளவு சென்சாரில், ஒன்றுக்கு ஒன்று பெருக்கத்தில், எஃப் 8 வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். பெருக்கத்தை இரட்டிப்பாக்கினால் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். கும்பிடுபூச்சியின் முகத்தில் மீசைக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்கும் தூரமே இதைவிட அதிகம். ஆட்டோ ஃபோகஸ் முதலில் தட்டுப்படும் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும்; பெரும்பாலும் அது மீசையாகவோ முன்காலாகவோ இருக்கும்.

ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று முடிவு செய்து லென்ஸ் வளையத்தை அங்கேயே நிறுத்துங்கள். அப்புறம் அதைத் தொடவே வேண்டாம். கேமராவை நெற்றியோடு ஒட்டி, முழங்கையை விலாவில் அண்டக் கொடுத்து, உடம்பை மட்டும் மெல்ல முன்னே சாயுங்கள். கண் கூர்மைக்குள் வரும் நொடியில் அழுத்துங்கள். அழுத்திவிட்டு நிறுத்தாமல் இன்னும் இரண்டு மூன்று முறை அழுத்துங்கள்; அதில் ஒன்று தேறும். இடது கை விரலால் செடியின் தண்டைப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸைச் சாய்த்துக்கொண்டால் பூச்சியும் கேமராவும் ஒன்றாகவே ஆடும். கை ஆடினாலும் இரண்டுக்கும் உள்ள தூரம் மாறாது. நல்ல படங்கள் பலவற்றில் தண்டு ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்பதைப் பார்க்கலாம். அதற்கு அந்தப் பக்கம் பிடித்திருக்கும் விரலும் ஒரு காரணமாக இருக்கும்.

இன்னொன்று கோணம். இறக்கையை மடக்கி உட்கார்ந்திருக்கும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியை முன்பக்கமிருந்து எடுத்தால் முகம் மட்டும் தேறும். பக்கவாட்டுக்கு வந்து, சென்சாரும் இறக்கையும் நேர் இணையாக இருக்கும்படி நின்றால், அதே 1 மில்லிமீட்டருக்குள் கண், உடம்பு, இறக்கை எல்லாம் ஏறக்குறைய அடங்கிவிடும். மற்றவர் படத்தில் முழுப் பூச்சியும் கூர்மையாக இருந்தால், ஃபோகஸை மாற்றி மாற்றி எடுத்த பல படங்களை அடுக்கிச் சேர்த்திருப்பார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். முதலில் பூச்சி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். பாதிப் படங்களில் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

அடுக்கிச் சேர்ப்பதற்கு அசையாத பூச்சி வேண்டும். அதற்கு நீலப்பட்டைத் தேனீயை விட்டால் ஆளில்லை. மாலை மங்கியதும் ஆண் தேனீக்கள் காய்ந்த புல் தண்டைத் தாடையால் கவ்விக்கொண்டு, சில சமயம் வரிசையாகத் தொங்கிக்கொண்டு, அப்படியே தூங்கிவிடும். விடிந்து வெயில் ஏறும் வரை அவை அசையாது. பனித்துளி மேலே உட்கார்ந்திருக்க, சாவகாசமாக எடுக்கலாம்.

பூச்சியின் முதுகில் வெள்ளைத் திட்டு, கண்ணில் ஊசிமுனை ஒளி

ஃபிளாஷ் வாங்கியதும் வரும் கோளாறு. பொறிவண்டின் முதுகு, எறும்பின் தலை, சிலந்தியின் கண் எல்லாமே கண்ணாடி மாதிரி. எதிரில் என்ன வெளிச்சம் இருக்கிறதோ அதன் உருவத்தை அப்படியே காட்டிவிடும். ஃபிளாஷின் முகம் சின்னது என்றால் அங்கே சின்னதாகச் சுட்டெரிக்கும் வெள்ளைப் பொட்டு விழும். அதைச் சுற்றி நிறம் இறந்துபோகும். வெளிச்சத்தின் பலத்தைக் குறைத்தால் பொட்டு கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். மாற்ற வேண்டியது வெளிச்சத்தின் அளவை. பூச்சி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அந்த வெளிச்சம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் கேள்வி.

அதற்குத்தான் டிஃப்யூசர், வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் தாள். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. டிவி, மிக்ஸி டப்பாக்களில் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாள், பேக்கரியில் கேக்குக்கு அடியில் போடும் பட்டர் பேப்பர், ஸ்டேஷனரி கடை டிரேசிங் பேப்பர், எதுவும் ஆகும். லென்ஸ் முனைக்கு மேலே பந்தல் போல முன்னே வளைந்து நிற்கும்படி கட்டுங்கள். ஃபிளாஷ் தலைக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். ஒட்டி வைத்தால் நடுவில் மட்டும் எரியும், ஓரம் இருட்டாகவே கிடக்கும். தாளுக்கும் பூச்சிக்கும் நடுவே எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கீழமாசி வீதிப் பக்கம் போனால் இந்தச் சாமான்கள் எல்லாம் சில்லறைக் காசுக்கே கிடைக்கும்.

இனி தொடக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்ன அந்த இரண்டாவது படத்துக்கு வாருங்கள். மற்றவர்கள் எடுத்த குதிக்கும் சிலந்திப் படம் ஏதாவது ஒன்றை எடுங்கள். முன்னால் இரண்டு பெரிய கண்கள் இருக்கும். அதில் ஒன்றை மட்டும் திரை நிறையப் பெரிதாக்குங்கள். எடுத்தவரின் விளக்கு அங்கே பிரதிபலித்துக்கொண்டிருக்கும். நீள்சதுரமாக விளிம்பு வெட்டியதுபோல் இருந்தால் மென்பெட்டி (சாஃப்ட்பாக்ஸ்). வளைந்த வில்லாகப் படர்ந்து ஓரத்தில் கரைந்தால் வளைத்துக் கட்டிய தாள். இரண்டு பொட்டுகள் தனித்தனியாக இருந்தால் லென்ஸின் இரு பக்கமும் ஃபிளாஷ். கண்ணின் மேல்பாதியில் மட்டும் ஒளி இருந்து கீழ்ப்பாதி கறுத்திருந்தால் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து வந்திருக்கிறது. கீழேயும் லேசாக ஒரு கீற்று தெரிந்தால், அடியில் வெள்ளைத் தாளோ வெளிர் நிற இலையோ வைத்து ஒளியைத் திருப்பியிருக்கிறார். சில படங்களில் இன்னும் உற்றுப் பார்த்தால் கேமராவைப் பிடித்திருக்கும் விரல்களே நிழலாகத் தெரியும். எந்தக் கேமரா, என்ன லென்ஸ் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கண்ணைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. ஒரே வாரம் இப்படிப் பார்த்தால், யாருடைய படத்தைக் கண்டாலும் அவர் கட்டிய பந்தலை நீங்கள் பேப்பரில் வரைந்துவிடுவீர்கள்.

ஃபிளாஷைக் குறைந்த பலத்தில், 1/32 போல, வைத்துப் பழகுங்கள். அந்த அளவில் அது மின்னும் நேரம் விநாடியின் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆட்டத்தை அதுவே நிறுத்திவிடும். 1/200 ஷட்டர் போதும். ஒரு எச்சரிக்கை: உச்சி வெயிலில் இது பலிக்காது. வெயில் தானாகவே ஒரு படத்தைப் பதிய, ஃபிளாஷ் இன்னொரு படத்தைப் பதிய, பூச்சிக்கு இரட்டை விளிம்பு வந்துவிடும். குடையை விரித்து நிழல் கட்டிவிட்டு எடுங்கள். மதுரை வெயிலுக்குக் குடை உங்களுக்கும் தேவை.

பகலில் எடுத்தும் பின்னணி கும்மிருட்டு

ஃபிளாஷ் வெளிச்சம் தூரம் இரட்டித்தால் நாலில் ஒரு பங்காகிவிடும். பூச்சி லென்ஸிலிருந்து ஒரு சாண், பின்னால் இருக்கும் வேலி நாலு அடி. வேலிக்கு ஒன்றுமே போய்ச் சேராது. வழி இரண்டு. பூச்சிக்குப் பின்னால் கையகல தூரத்தில் ஏதாவது ஒரு இலை வருமாறு கோணத்தை மாற்றுங்கள். அல்லது ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) 400, 800 என்று ஏற்றி, ஷட்டரை 1/60 வரை இறக்கி, பின்னணிக்கு இயற்கை வெளிச்சத்தையும் கொஞ்சம் உள்ளே விடுங்கள். இரண்டாவது வழியில் நிழலான இடமாகப் பாருங்கள், இல்லையென்றால் மேலே சொன்ன இரட்டை விளிம்பு வரும். கறுப்புப் பின்னணி சிலந்திக்கு அழகாக இருக்கும். பகல் பூச்சியான பட்டாம்பூச்சிக்கு எனக்குப் பிடிக்காது. அது உங்கள் விருப்பம்.

மல்லிகை சாம்பல், செம்பருத்தி சேறு

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கேமராவுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. வெள்ளை எதைக் கண்டாலும் சாம்பலாக்கிவிடும். திரை நிறைய வெள்ளை இருந்தால் அது வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். ஒளியளவை நீங்களே ஒரு படி கூட்டுங்கள். செம்பருத்தியில் நேர்மாறு. இதழில் நரம்பே இல்லாமல் சிவப்பு மாவு பிசைந்ததுபோல் வந்தால், சிவப்பு நிறம் மட்டும் அளவு தாண்டிவிட்டது என்று பொருள். மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை (ஒளியளவு வரைபடத்தை) திறந்து, சிவப்பு வலது சுவரில் முட்டாமல் நிற்கும் வரை ஒளியளவைக் குறையுங்கள். சாமந்தி மஞ்சளுக்கும் இதே வைத்தியம்.

கிட்டப் போனால் பறந்துவிடுகிறது

உங்கள் நிழல் அதன் மேல் விழுந்திருக்கும். அதுதான் முதல் காரணம். வெயில் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி அணுகுங்கள். நின்றபடி குனிவதைவிட, தள்ளி நின்றபோதே உட்கார்ந்துவிட்டு அப்படியே நகர்ந்து போவது பலன் தரும். செடியில் உரசாதீர்கள்; இலை நடுங்கினால் போதும், விஷயம் முடிந்தது.

லென்ஸும் ஒரு காரணம். 60 மி.மீ மேக்ரோவில் ஒன்றுக்கு ஒன்று வேண்டுமென்றால் பூச்சியின் முகத்திலேயே கொண்டுபோய் வைக்க வேண்டும், 100 மி.மீ-இல் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். அதற்காக உடனே கடைக்கு ஓட வேண்டாம். பழக்கத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தட்டான் பறந்துபோனால் துரத்தாதீர்கள். உட்கார்ந்திருந்த அதே குச்சிக்குத் திரும்பி வரும். குச்சியை ஃபோகஸ் செய்து வைத்துக்கொண்டு காத்திருங்கள். கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்து அய்யனார் கோயில் தாமரைக் குளக்கரையில் இதைப் பழகலாம். மழைக்குப் பிறகு ஈர மணலில் உப்புச்சத்து உறிஞ்ச உட்காரும் பட்டாம்பூச்சிகள் உங்களைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. அழகர்மலையில் சிலம்பாற்றுப் பக்கம் ஓடை ஈரத்தில் பார்க்கலாம். அங்கே பூச்சியைவிடக் குரங்கிடம்தான் எச்சரிக்கை. பையின் ஜிப்பைத் திறந்து போட்டுவிட்டுக் குனியாதீர்கள்.

பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கால்கள் மடங்கி, மீசை தொங்கி, அந்தப் படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வேண்டாம். விடியற்காலைக் குளிரே அந்த வேலையைச் செய்கிறது. வெயில் ஏறும் வரை எதுவும் பறக்காது.

காற்று நிற்கவே மாட்டேன் என்கிறது

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது எருக்கம்பூ நிற்குமா? ஆடி, ஆவணியில் செடி நுனியை விட்டுவிட்டு மரத்தண்டுக்கு வாருங்கள். வேப்பமரப் பட்டையில் மரத்தோடு மரமாக ஒட்டிக்கிடக்கும் இரட்டைவால் சிலந்தி, பட்டை இடுக்கில் குதிக்கும் சிலந்தி, எறும்புச் சாரி. தண்டு ஆடாது.

எடுக்கப் பூச்சியே இல்லை

புதியவர்கள் முதலில் போவது மல்லிகைத் தோட்டத்துக்கு. பூ அழகு, பெயரும் பெரிய பெயர். வலையங்குளம் பக்கம் தோட்டக்காரர் ஒருவர் சொன்ன பதில் இது: "பூச்சியத் தேடியாப்பா வந்த? அது இருக்கக் கூடாதுன்னுதானப்பா நாங்க மருந்தடிக்கிறோம்!" மொட்டுப்புழுவுக்குப் பயந்து அடிக்கடி மருந்து அடிக்கும் தோட்டம் அது. அங்கே பூவை எடுக்கலாம், பூச்சி கிடைப்பது அரிது. அடித்த மருந்தின் மேல் நீங்கள் படுத்துப் புரளவும் கூடாது. கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

யாரும் மதிக்காத செடிக்குப் போங்கள். எருக்கு. நாகமலைப் புதுக்கோட்டை, ரிங் ரோட்டு ஓரம், கண்மாய்க் கரை, எங்கும் நிற்கிறது. ஒரே ஒரு எருக்கஞ்செடியில் ஒரு காலைப்பொழுது முழுக்க வேலை இருக்கும். குருத்தில் மஞ்சள் அசுவினிக் கூட்டம். அதைத் தின்னப் பொறிவண்டும் அதன் முதலை உருவக் குட்டிப்புழுவும். அசுவினி கசியவிடும் இனிப்புக்கு வரும் எறும்புகள். இலைக்கு அடியில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையும் பட்டை போட்ட வெந்தய வரியன் புழு. பக்கத்துக் கிளையில் நீலமும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்ததுபோல எருக்கு வெட்டுக்கிளி. இலையை ஒடிக்காதீர்கள், வரும் பால் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை.

வெளியே போக நேரமில்லையா, மொட்டைமாடிக் கறிவேப்பிலைத் தொட்டியைப் பாருங்கள். எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு சின்ன வயதில் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். லேசாகத் தொந்தரவு பட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும், நாறும். இதற்காகவே குச்சியால் குத்திக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கிறேன். ஒருமுறை எடுத்தால் போதும், பாவம்.

மாமரத்தில் முசுறு இலைகளைத் தைத்துக் கூடு கட்டியிருந்தால், அங்கே எறும்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கூட்டத்தில் ஒன்று கொஞ்சம் தனியாக, நின்று நின்று நடக்கும். கால்களை எண்ணுங்கள். எட்டு இருந்தால் அது எறும்பு வேடம் போட்ட குதிக்கும் சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் மீசைபோலத் தூக்கி ஆட்டும். தலையின் பக்கவாட்டில் எறும்பின் கண் போலவே கறுப்புப் பொட்டு இருக்கும். ஆண் என்றால் தாடை நீண்டு, ஒரு எறும்பு இன்னொரு எறும்பைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் தோன்றும். விரட்டினால் நூல் விட்டுத் தொங்கிவிடும். எறும்பு தொங்காது.

மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்கும் போகலாம். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். பறவைக்காரர்கள் மேலே பார்த்துக்கொண்டே நடப்பார்கள்; நமக்கு வேலை கீழே. கல்லைப் புரட்டிப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்குங்கள்.

கண்ணில் கறுப்புப் புள்ளி நகர்கிறது, நிறம் மாறுகிறது

இது கோளாறே அல்ல. கும்பிடுபூச்சியின் கண்ணில் தெரியும் கறுப்புப் புள்ளி கண்பாப்பா அல்ல. கூட்டுக்கண்ணின் எந்தப் பகுதி உங்களை நேராக நோக்குகிறதோ அந்தப் பகுதி இருட்டாகத் தெரிகிறது. நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் புள்ளி கூடவே வரும். இரவில் அதன் கண் முழுவதுமே கறுத்துவிடும். குதிக்கும் சிலந்தியின் பெரிய கண்கள் அடுத்தடுத்த படங்களில் ஒன்றில் கறுப்பாகவும் ஒன்றில் பழுப்பாகவும் வந்தால், கண்ணுக்கு உள்ளே விழித்திரை நகர்ந்திருக்கிறது. கறுப்பாக இருக்கும் படத்தில் அது உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ரிவர்ஸ் ரிங் போட்டதும் வ்யூஃபைண்டர் இருட்டு

பழைய லென்ஸைத் திருப்பி மாட்டுவது மலிவான, நல்ல வழி. நிகானில், அப்பர்ச்சர் வளையம் இல்லாத லென்ஸ் கேமராவிலிருந்து கழற்றியதும் துளையை முழுக்கச் சுருக்கிக்கொள்ளும். பின்பக்கம் உள்ள சின்ன நெம்புகோலை நகர்த்தி, பேப்பர்த் துண்டு செருகித் திறந்து வைக்க வேண்டும். கேனனில் நேர்மாறு, துளை முழுக்கத் திறந்தே நிற்கும், ஆழம் கிடைக்காது. கேமராவில் லென்ஸ் இருக்கும்போதே எஃப் 8 வைத்து, ஆழம் பார்க்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றினால் அதே துளையில் நின்றுவிடும். 18-55 லென்ஸ் என்றால் 18 பக்கம் திருப்பத் திருப்பப் பெருக்கம் கூடும், பூச்சிக்கும் லென்ஸுக்கும் இடைவெளி குறையும். 50-இல் தொடங்குங்கள்.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் டியூபில் கணக்கு இன்னும் எளிது: டியூபின் நீளத்தை லென்ஸின் மி.மீ-ஆல் வகுத்தால் கூடுதல் பெருக்கம். 50 மி.மீ லென்ஸுக்கு 25 மி.மீ டியூப் போட்டால் பாதி அளவு. 200 மி.மீ லென்ஸில் அதே டியூபைப் போட்டுவிட்டு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்காதீர்கள். அங்கே ரேனாக்ஸ் 250 போல லென்ஸின் முன்னால் மாட்டும் பெருக்குக் கண்ணாடிதான் உதவும்.

செல்போனில் சரியாக வரவில்லை

விலை குறைந்த போன்களில் "மேக்ரோ" என்று தனியாகக் கொடுத்திருக்கும் 2 மெகாபிக்சல் கேமராவை மறந்துவிடுங்கள். முதன்மைக் கேமராவில் கிளிப் லென்ஸை மாட்டி எடுத்தால் அதைவிட நன்றாக வரும். கிளிப் மாட்டியும் படம் மாறவில்லை என்றால், கிளிப் ஒரு கேமராவின் மேல், போன் எடுப்பது இன்னொரு கேமராவால். விரலால் ஒவ்வொன்றாக மூடிப் பார்த்து எது என்று கண்டுபிடியுங்கள்; தானாகக் கேமரா மாறும் அமைப்பு இருந்தால் அணையுங்கள். போனின் நிழலே பூச்சியின் மேல் விழுகிறது என்றால் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் படம் சப்பென்று இருக்கிறது

முதலில் எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று பார்க்க வேண்டும். லெவன் பிஸ் என்ற பிரிட்டன் புகைப்படக்காரர் 2016-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூச்சிப் படங்களைக் காட்சிக்கு வைத்தார். ஆளுயரத்துக்கும் மேல் பெரிதாக்கிய வண்டுகள். ஒவ்வொரு மயிரும் தெரியும். ஒரு பூச்சிக்கு ஏறக்குறைய 8,000 படங்கள், நுண்ணோக்கிக் கண்ணாடி வைத்து, பகுதி பகுதியாக எடுத்துச் சேர்த்தவை. பூச்சிகள் அருங்காட்சியகச் சேமிப்பில் இருந்த மாதிரிகள். அதைப் பார்த்துவிட்டு, காற்றில் ஆடும் எருக்கஞ்செடியில் உயிரோடு ஓடும் வெட்டுக்கிளியை எடுத்த நாம் மனம் உடையத் தேவையில்லை. ஆனால் அவரிடம் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு பகுதிக்கும் ஒளியைத் தனியாக அமைத்திருக்கிறார். முதுகுக்கு நல்லதாக இருக்கும் ஒளி மீசைக்கு நல்லதாக இருக்காது. ஃபிளாஷை எப்போதும் ஒரே இடத்தில் மாட்டி வைத்திருக்கும் நமக்கு அது போதுமான பாடம்.

நூறு ஆண்டுக்கு முன்னால் பெர்லினில் கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட் என்ற ஓவியப் பள்ளி ஆசிரியர், தானே செய்துகொண்ட கேமராவில் செடிகளின் குருத்தையும் விதையையும் முப்பது மடங்கு வரை பெரிதாக்கி எடுத்தார். மாணவர்களுக்கு அலங்கார வடிவம் சொல்லித்தரத்தான் எடுத்தார். பின்னால் வெறும் அட்டை, மென்மையான வெளிச்சம், வேறு எதுவும் இல்லை. உங்கள் படம் சப்பென்று இருந்தால் அதில் எத்தனை பொருள் இருக்கிறது என்று எண்ணுங்கள். பூச்சி, நாலு இலை, குறுக்கே ஒரு தண்டு, மூலையில் பளிச்சென்று வானம். கண்ணுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. ஒரு அடி எடுத்து வைத்துக் கோணத்தை மாற்றினால் இரண்டு இலை மறைந்துவிடும்.

தமிழ்நாட்டு இயற்கையாளர் மா. கிருஷ்ணன் எடுத்ததெல்லாம் யானை, மான், காட்டெருது. அதுவும் கறுப்பு வெள்ளையில், பல பாகங்களைச் சேர்த்துத் தானே கோத்த கேமராவில். மேக்ரோவுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறத்தை எடுத்துவிட்டால் படத்தில் மிஞ்சுவது உருவமும் வெளிச்சமும். உங்கள் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பச்சை இலையில் பச்சைப் புழு அடியோடு காணாமல் போனால், நீங்கள் நிறத்தை மட்டும் நம்பி எடுத்திருக்கிறீர்கள். ஒளியைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனால் புழு மேலெழுந்து வரும்.

பயிற்சி ஒன்று சொல்கிறேன். உங்களுக்குப் பிடித்த ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, அதை அப்படியே திரும்ப எடுக்கப் பாருங்கள். பூச்சி வேறாக இருக்கலாம். ஒளியின் திசை, பின்னணித் தூரம், உயரம் மூன்றும் அதேபோல் இருக்க வேண்டும். காப்பியடிப்பது கேவலம் என்று நினைக்க வேண்டாம். சிற்பிகளும் கொல்லர்களும் இப்படித்தான் தொழில் பழகினார்கள். எடுத்த படத்தை வெளியிட்டால் யாருடையதைப் பார்த்து எடுத்தீர்கள் என்று ஒரு வரி போடுங்கள். அந்தப் படம் சரியாக வராமல் எங்கே இடறுகிறதோ, அந்தத் தலைப்புக்கு மேலே போய்ப் பாருங்கள்.

கேமரா நன்றாக இருக்கிறது, உடம்புக்குத்தான் கோளாறு

தரையில் படுக்கும் முன் கம்பால் தட்டிப் பாருங்கள். பாறை, முள்காட்டில் சுருட்டை விரியன், வயல் வரப்பில் கண்ணாடி விரியன், இரண்டும் இங்கே சாதாரணம். முழுக்கால் சட்டை, ஷூ கட்டாயம். கடித்துவிட்டால் கட்டு போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனை. காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள்.

முருங்கை மரத்தில் சாய்ந்து நின்று எடுப்பவர்கள் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள். கம்பளிப்பூச்சி மயிர் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்கும். செலோ டேப்பை ஒட்டி ஒட்டி உரித்து எடுத்துவிட்டு, அப்புறம் சோப்பும் தண்ணீரும். கேமராப் பையில் டிஃப்யூசர் ஒட்டுவதற்கு எப்படியும் ஒரு டேப் இருக்கும்.